இரவில் நிறம் காணும் அந்து

ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்து நாட்டுத் தோட்டமொன்றில் பியூசியாச் செடிகளைக் கிள்ளிச் சீர்செய்யும் ஒருவர், திடீரெனக் கையை இழுத்துக்கொண்டு பின்வாங்குவதுண்டு. இலைகளுக்கிடையே விரற்பருமனுள்ள பழுப்பு உருவம் ஒன்று தலையை உப்பிக்கொண்டு நிற்கும். அதன் இருபுறமும் கரிய விழிகள் தோன்றும். சிறிய பாம்பு என்றே முதலில் எண்ணத் தோன்றும். துணிந்து உற்று நோக்கினால் வால்முனையில் ஒரு குறுங்கொம்பும், வயிற்றடியில் குட்டைக் கால்களும் தெரியும். அது பாம்பன்று, ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளமுள்ள புழு. விழிகளாகத் தோன்றியவையும் விழிகளல்ல. தோலில் அமைந்த புள்ளிகளே. அஞ்சிய புழு தன் சிறிய தலையை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும்போது, அப்புள்ளிகளைத் தாங்கிய உடல் வளையங்கள் பருத்துப் பாம்பின் தலைபோல் ஆகின்றன. அச்சம் தீர்ந்ததும் தலையை முன்னே நீட்டும். அப்போது அதன் முன்னுடல் யானையின் துதிக்கைபோல் நீண்டு அசையும். ஆங்கிலேயர் இதனை 'யானைப் பருந்து அந்து' என்று பொருள்படும் பெயரால் அழைப்பதற்கு அத்துதிக்கையே காரணம்.

பியூசியா நமக்குப் புதிய செடியன்று. உதகையிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாயில்களில் சிவப்பும் ஊதாவுமாகத் தொங்கும் அப்பூக்களை நேயர்கள் பலர் கண்டிருப்பீர்கள். ஆயினும் நான் இன்று சொல்லவிருப்பது ஐரோப்பாவில் நடந்த கதை. ஒரு தோட்டத்துப் பூச்சியை மனிதர் எவ்வாறு படிப்படியாக அறிந்துகொண்டனர், எங்கெங்கே தவறாக அறிந்துகொண்டனர் என்பதே அக்கதை.

முதலில் பூச்சியைக் கண்டுகொள்வோம். பருந்து அந்துக்கள் பருத்த உடலும் குறுகிக் கூரிய இறக்கைகளும் உடையவை. சிறகடித்தபடியே காற்றில் ஒரே இடத்தில் நின்று, நீண்ட உறிஞ்சுகுழலை மலருக்குள் விட்டுத் தேனை உண்பவை. யானைப் பருந்து அந்து அவற்றுள் அழகிற் சிறந்த ஒன்று. விரித்த இறக்கையின் அகலம் ஏறத்தாழ 6 சென்டிமீட்டர். உடலும் இறக்கைகளும் பாசிப்பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கலந்திருக்கும். தேர்ந்த நெசவாளர் ஒருவர் தம் பட்டுக்குத் தேர்ந்தெடுத்த இணைபோல இருக்கும் அந்நிறம். மே மாதத்திலிருந்து கோடை நடுவரை, அந்தி மயங்கிய பின் இது பறக்கும். பெண் அந்து பச்சை நிற முட்டைகளை வில்லோஹெர்ப் என்னும் செம்பூஞ்செடியிலோ, பெட்ஸ்ட்ரா என்னும் கொடிப்புல்லிலோ, தோட்டத்துப் பியூசியாவிலோ ஒவ்வொன்றாக இடும். முட்டையினின்று வரும் புழு பசுமையாயிருந்து வளர வளரப் பெரும்பாலும் பழுப்பாக மாறும். முதிர்ந்த புழு தரைக்கு இறங்கிச் சருகுகளுக்கிடையே மெல்லிய கூடு கட்டி, குளிர்காலம் முழுவதையும் கூட்டுப்புழுவாகக் கழிக்கும்.

புழுவே அந்து ஆகிறது என்பது இன்று தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் இது எளிதில் வந்த அறிவன்று. பேரறிஞராகிய அரிஸ்டாட்டில் புழு கூடாகிப் பட்டாம்பூச்சியாவதை அறிந்திருந்தார். ஆயினும் அப்புழு பச்சை இலையிலிருந்தே தோன்றுவதாக எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுகள் ஐரோப்பியர் அக்கருத்தைச் சுமந்து வந்தனர். 17ஆம் நூற்றாண்டில்தான் அதனை அசைத்தனர். இத்தாலியில் ரெடி என்பவர் 1668இல், மூடிய கலத்திலுள்ள இறைச்சியில் புழு தோன்றுவதில்லை என்று காட்டினார். ஹாலந்து நாட்டின் சுவாமர்டாம் 1669இல் வெளியிட்ட நூலில், புழு வேறு பூச்சி வேறு அல்ல, ஒரே உயிரின் பருவங்களே என்று நிலைநாட்டினார்.

இவர்களோடு எண்ணப்பட வேண்டிய பெண்மணி ஒருவர் உண்டு. 1647இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் பிறந்த மரியா சிபில்லா மேரியன் தமது 13ஆம் வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பின்னர்க் கையிற் கிடைத்த புழுக்களையெல்லாம் வளர்த்தார். 1679இல் அவர் வெளியிட்ட நூலில் 50 செப்புத்தகட்டுப் படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்திலும் புழு, கூடு, பறக்கும் பூச்சி ஆகியவற்றோடு அப்புழு உண்ணும் செடியையும் சேர்த்தே வரைந்தார். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் இறந்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்துப் பார்ப்பவர்க்கு இச்செய்தி கிடைக்காது. நாள்தோறும் தழை பறித்துப் போட்டவர்க்கே கிடைக்கும். கல்லூரியின் வாயிலில் பெண்களுக்கு இடமில்லாத காலத்தில், சமையலறைக்கு அருகிலேயே அவர் இப்பணியைச் செய்தார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

பெயரிடும் பணி அடுத்த நூற்றாண்டில் நிறைவேறியது. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட தம் பெருநூலின் பத்தாம் பதிப்பில் பருந்து அந்துக்களை 'ஸ்பிங்ஸ்' என்னும் பேரினத்தில் வைத்தார். தலையைத் தூக்கி அசையாது அமரும் இவ்வினப் புழுக்கள் எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையை நினைவூட்டியதே அப்பெயருக்குக் காரணம். நம் அந்துக்கு அவர் இட்ட சிறப்பினப் பெயர் 'எல்பெனார்'. கிரேக்கக் காவியத்தில் ஒடிசியஸின் தோழர்களுள் ஒருவன் எல்பெனார். மாயக்காரியாகிய சர்சி பன்றிகளாக மாற்றியவர்களுள் ஒருவன். ஆங்கிலேயர் துதிக்கையைக் கண்ட இடத்தில் லின்னேயஸ் பன்றியின் மூஞ்சியைக் கண்டார் போலும்! இதன் சிறிய உறவினத்திற்கு அவர் 'சிறுபன்றி' என்றே பொருள்படும் பெயர் வைத்தார். இதில் இன்னொரு குறும்பும் ஒளிந்திருக்கலாம். எல்பெனார் பின்னர் மது மயக்கத்தில் கூரையிலிருந்து விழுந்து மாண்டவன். இப்புழுவோ திராட்சைக் கொடியையும் உண்பது. ஜெர்மானியர் இதனை மதுவின் பெயரோடு சேர்த்தே அழைக்கின்றனர். லின்னேயஸ் இதையும் கருதினாரா என்பது அவருக்கே வெளிச்சம். 1809இல் லாஸ்பெயர்ஸ் என்பவர் இதற்கு 'மாலையை விரும்புவது' என்னும் பொருளில் 'டெய்லெபிலா' என்ற பேரினப் பெயரை அமைத்தார். அதுவே இன்றும் வழங்குகிறது.

இனி இலண்டன் நகருக்கு வருவோம். அந்நகரில் இப்பூச்சியினத்தாருக்கு நேர்ந்த கேடும் பேறும் நெருப்பினாலேயே வந்தன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பட்டாம்பூச்சிகளையும் அந்துக்களையும் தேடிச் சேர்ப்போர் கூடி ஒரு கழகம் நடத்தினர். கூட்டுப்புழுவின் பொன்னிறத்தைக் குறிக்கும் சொல்லால் 'அரேலியர்' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். கார்ன்ஹில் பகுதியில் ஒரு விடுதியில் அவர்களுடைய நூல்களும் சேகரிப்புகளும் இருந்தன. 1748ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் அப்பகுதியில் பெருந்தீ மூண்டது. அங்கத்தினர் கூடியிருந்த வேளையிலேயே தீ வந்து சூழ்ந்தது. தொப்பியையும் கைத்தடியையும்கூட விட்டுவிட்டு அவர்கள் உயிர்தப்பினர். சேகரிப்பு அனைத்தும் சாம்பலாயிற்று. கழகம் கலைந்தது. மோசஸ் ஹாரிஸ் என்னும் ஓவியர் பின்னர் 1766இல் 'அரேலியன்' என்ற பெயரிலேயே அழகிய வண்ணப்பட நூலொன்றை வெளியிட்டு அக்கழகத்தின் நினைவைக் காத்தார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அந்நகரில் மீண்டும் நெருப்பு விழுந்தது, இம்முறை வானிலிருந்து. 1940 செப்டம்பர் 7ஆம் நாள் தொடங்கி 57 இரவுகள் இடைவிடாது ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்தன. டிசம்பர் 29ஆம் நாள் இரவில் செயின்ட் பால் பேராலயத்தைச் சுற்றியிருந்த தெருக்கள் எரிந்து தரைமட்டமாயின. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அடுத்துவந்த கோடைகளில், செங்கற் குவியல்களுக்கும் கூரையிழந்த சுவர்களுக்கும் இடையே ஆளுயரத்துக்கு ஒரு செடி எழுந்து இளஞ்சிவப்பு மலர்க் கதிர்களை விரித்தது. அதுதான் வில்லோஹெர்ப். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் இது பரவலாகக் காணப்பட்ட செடியன்று. வெந்த மண்ணும் மறைப்பில்லாத வெயிலும் இதற்கு உகந்தவை. பஞ்சு கட்டிய இதன் விதைகள் காற்றில் நெடுந்தூரம் செல்பவை. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைத் தூவும். இரயில் பாதைக் கரைகளில் பரவி நகர்வரை வந்திருந்த செடிக்கு, குண்டு விழுந்த இடங்கள் விளைநிலமாயின. செடி வந்த இடத்துக்கு அதை உண்ணும் புழுவும் வந்தது. வங்கிகளும் வாணிகக் கிடங்குகளும் இருந்த தெருவில் யானைப் பருந்து அந்து முட்டையிட்டது. அரேலியர் காடு மேடெல்லாம் தேடிய பூச்சி, அவர்தம் கழகம் எரிந்த நகரிலேயே குடியேறிற்று!

இதனை இயற்கையின் கருணை என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அவ்வாறு சொல்ல மனம் வரவில்லை. அவ்விடத்தில் வீடிழந்தும் உற்றாரை இழந்தும் நின்றவர்க்கு அம்மலர் என்ன ஆறுதல் தந்திருக்கும்? செடி அறிந்தது சாம்பலையும் வெயிலையும். அந்து அறிந்தது செடியை. அவ்வளவே. ஆயினும் அந்நகர மக்கள் அச்செடியை மறக்கவில்லை. 2002இல் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு மலரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுத்தபோது இலண்டனுக்குரிய மலராக வில்லோஹெர்ப்பே தேர்வு பெற்றது.

அதே 2002ஆம் ஆண்டில்தான் இவ்வந்தைப் பற்றிய மிகப் பெரிய செய்தியும் வெளிவந்தது. அதன் அருமை விளங்க வேண்டுமானால் நாம் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

நிலவில்லாத இரவில் தோட்டத்துக்குச் சென்று பாருங்கள். செம்பருத்தியின் சிவப்பும் இலையின் பச்சையும் மறைந்து, எல்லாம் சாம்பலும் கருமையுமாகத் தோன்றும். இதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பு. 1866இல் ஜெர்மனியின் மாக்ஸ் ஷூல்ட்சே விழித்திரையில் இருவகை உணர்கலங்கள் இருப்பதை ஆராய்ந்து, கூம்பு வடிவினவை பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை, கோல் வடிவினவை மங்கிய ஒளிக்கு உரியவை என்று வகுத்தார். ஆந்தை போன்ற இரவு உயிர்களின் கண்ணில் கோல்கள் மிகுந்திருப்பதையும் கண்டார். கோல்களில் ஒரே வகைதான் உண்டு. நிறத்தை வேறுபடுத்த ஒரு வகை போதாது. ஆகவே, இரவில் நடமாடும் உயிர்களுக்கு நிறமே தெரியாது என்ற முடிவு மெல்ல வேரூன்றியது. நமக்குத் தெரியாதது பிறவற்றுக்கும் தெரியாது என்று எண்ணுவது எவ்வளவு எளிது, பாருங்கள்!

பகற்பூச்சிகளுக்கே நிறவுணர்வு உண்டு என்று ஒப்புக்கொள்ளப் போராட வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் மியூனிக் நகரின் கண் மருத்துவப் பேராசிரியர் கார்ல் வான் ஹெஸ், மீனும் பூச்சியும் நிறக்குருடுகளே என்று உறுதியாகக் கூறிவந்தார். இளைஞராகிய கார்ல் வான் பிரிஷ் அதனை ஏற்கவில்லை. அவர் ஒரு நீல அட்டையில் சருக்கரைநீர் வைத்துத் தேனீக்களைப் பழக்கினார். பின்னர் அந்நீல அட்டையை வெளிர்சாம்பல் முதல் கருஞ்சாம்பல் வரையுள்ள பல அட்டைகளுக்கு நடுவே, சருக்கரைநீர் இல்லாமல் வைத்தார். தேனீ நிறக்குருடாயின், நீலம் அதற்கு ஏதேனும் ஒரு சாம்பலாகவே தோன்றும், எங்கேனும் தடுமாறும். தேனீக்களோ நேரே நீலத்தை நாடின. 1914இல் அச்சோதனையை அவர் விரிவாக வெளியிட்டார். ஓர் அட்டையும் சிறிது சருக்கரையும் கொண்டு ஒரு பேராசிரியரின் கருத்தை மறுத்த அச்சோதனையின் எளிமை மாணவர்கள் எண்ணி மகிழத் தக்கது. பகலில் பறக்கும் பருந்து அந்தொன்று நிறத்தைக் கண்டு மலரை நாடுவதை ஆஸ்திரிய நாட்டு பிரிட்ஸ் நோல் 1920களில் காட்டினார். இரவு மட்டும் நிறமற்றதாகவே கருதப்பட்டு நின்றது.

1973இல் ஒரு தடயம் கிடைத்தது. யானைப் பருந்து அந்தின் கண்ணை ஆராய்ந்தவர்கள், அதில் புறவூதா, நீலம், பச்சை ஆகிய மூவகை ஒளிக்கு உரிய மூன்று உணர்பொருள்கள் இருப்பதைக் கண்டனர். கருவி இருக்கிறது, ஆனால் இருளில் அந்து அதனைப் பயன்படுத்துகிறதா? மூன்று உணர்பொருளும் இருந்தும், ஒளி குறைந்த வேளையில் அவை ஒன்றாகக் கூடி ஒரே உணர்வைத் தரலாமே என்ற ஐயம் எழுந்தது. வினாவுக்கு விடை வர 29 ஆண்டுகள் ஆயின.

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் அல்முட் கெல்பர், அன்னா பால்கெனியஸ், எரிக் வாரன்ட் ஆகிய மூவரும் யானைப் பருந்து அந்துக்களை வளர்த்து, நிறமூட்டிய செயற்கை மலர்களில் சருக்கரைநீர் உண்ணப் பழக்கினர். பின்பு வான் பிரிஷின் பழைய வழியையே பின்பற்றி, பழகிய நிறத்தோடு பல சாம்பல் சாயல்களைக் கலந்து வைத்தனர். ஒளியைப் படிப்படியாகக் குறைத்தனர். அந்தி ஒளி, நிலவொளி, இறுதியில் மங்கிய விண்மீன் ஒளியளவு. அவ்வொளியில் மனிதக் கண்ணுக்கு எந்நிறமும் புலப்படாது. அந்துக்களோ தம் நிறத்தைத் தவறாது தேர்ந்தன. இருளில் நிறம் காணும் உயிர் உண்டு என்பது முதன்முறையாக ஐயமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. வெயிலில் ஒரு நிறமும் நிலவில் வேறொரு நிறமுமாக ஒளி மாறினாலும் பழகிய மலர் நிறத்தை அவை அடையாளம் காண்கின்றன என்பதும் 2004இல் தெரியவந்தது.

எவ்வாறு இது இயலுகிறது? தேனீயின் கூட்டுக்கண்ணில் ஒவ்வொரு சிறு கண்வில்லையும் தனக்குரிய உணர்கலங்களுக்கு மட்டுமே ஒளி அனுப்பும். அந்தின் கண்ணில் அவ்வாறில்லை. நூற்றுக்கணக்கான வில்லைகள் தாம் பெற்ற ஒளியை ஓரிடத்தில் குவிக்கின்றன. சிக்மண்ட் எக்ஸ்னர் 1891லேயே விளக்கிய அமைப்பு இது. கண்ணின் அடியில் ஒளியைத் திருப்பும் படலமும் உண்டு. முதன்முறை தப்பிய ஒளி திரும்பிவரும்போது பிடிபடும். இரவில் பூஞ்செடியருகே கைவிளக்கைப் பாய்ச்சும்போது பருந்து அந்தின் கண்கள் தணல்போல் சுடர்வதைக் கண்டவர்கள், அப்படலத்தின் வேலையையே கண்டார்கள். ஒளியைச் சிறுகச் சிறுகச் சேமிக்கும் சிக்கனக்காரனின் கண் அது.

இக்கண்டுபிடிப்பின் பின் ஆராய்ச்சியாளர் பிற இரவு உயிர்களையும் சோதித்தனர். 2004இல் ஒருவகைப் பல்லியும் மங்கிய நிலவொளியில் நிறம் காண்பது தெரிந்தது. 2008இல் வந்த செய்தி நம் நாட்டினது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பீமாசங்கர் காட்டில் ஹேமா சோமநாதன், ரெனீ போர்ஜஸ் ஆகியோர் லுண்ட் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து, இரவில் பறக்கும் மரந்துளைத் தேனீயொன்று விண்மீன் ஒளியில் தன் கூட்டு வாயிலின் நிறத்தைக் கற்றுக்கொள்வதை மெய்ப்பித்தனர். அத்தேனீயின் இனப்பெயர் 'டிராங்க்பாரிக்கா'. டேனியர் ஆண்ட நம் தரங்கம்பாடியைக் குறிப்பது. லின்னேயஸின் மாணவராகிய பாப்ரீசியஸ் 1804இல் இட்ட பெயர் அது.

இரவுக்கு நிறம் உண்டென்று அறிந்த அதே காலத்தில், இரவின் ஒளியையே நாம் மாற்றிக்கொண்டும் வருகிறோம். 2021இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார், வெவ்வேறு தெருவிளக்குகளின் கீழ்க் காட்டுப்பூக்கள் யானைப் பருந்து அந்தின் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்று கணக்கிட்டனர். விளைவு விளக்குக்கு விளக்கு வேறுபட்டது. சில வெண்விளக்குகளின் கீழ் மலரின் நிறம் தெளிவாகவே தெரியும். பொன்மஞ்சள் ஒளி விளக்குகளின் கீழோ இலைக்கும் மலருக்கும் உள்ள நிற வேறுபாடு மங்கிவிடும். எந்த விளக்கை நடுவது என்பது நகராட்சியார் சிக்கனத்தை மட்டும் எண்ணி முடிவு செய்யும் செய்தியாக இருந்தது. மலரைத் தேடிவரும் அந்தும் அக்கணக்கில் ஒரு தரப்பாயிற்று.

யானைப் பருந்து அந்தை நம் ஊர்த் தோட்டத்தில் தேட வேண்டா. ஆனால் அதன் குடும்பத்தார் இங்கும் உண்டு. நந்தியாவட்டைச் செடியில் இலைகள் ஒரே இரவில் மொட்டையாகி, அடியில் பருத்த எச்ச உருண்டைகள் கிடந்தால், மேலே நோக்குங்கள். பச்சைநிறப் புழுவொன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு, தோளருகே இரண்டு நீலக் கண்புள்ளிகளைக் காட்டும். அது அரளிப் பருந்து அந்தின் புழு. பிடித்து, ஈரமண் பரப்பிய பெட்டியில் இட்டு, நாள்தோறும் நந்தியாவட்டைத் தழை போட்டு வாருங்கள். பச்சை மாறிப் பழுப்பேறி அது மண்ணை நாடும் நாளையும், பின் இறக்கை விரித்து வெளிவரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். வெளிவந்ததும் அந்தியில் திறந்துவிட்டு, எந்நிற மலரை முதலில் நாடுகிறது என்று பாருங்கள்.